எட்டயபுரம்: பாரதி வீட்டைத் தாண்டி இருக்கிற ஊர்

கேள்வி இதுதான்: மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு நான்கு வழிச் சாலையில் போகும்போது எட்டயபுரம் என்ற பலகையைப் பார்க்கிறோம், பாரதி பிறந்த வீடு இருக்கிறது என்று தெரியும், கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்த எட்டப்பன் ஊர் என்று தெரியும், அதைத் தவிர அங்கே என்ன இருக்கிறது, இறங்கிப் பார்க்கலாமா?

கண்டிப்பாக இறங்கிப் பார்க்கலாம். ஆனால் அந்த எட்டப்பன் விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன். அது மனதில் இருக்கும்வரை ஊரில் வேறு எதைப் பார்த்தாலும் சரியாக உள்ளே இறங்காது.

எட்டப்பன் என்பது ஒரு தனி ஆளின் பெயர் இல்லை. எட்டயபுரம் பாளையத்தை ஆண்டவர்கள் எல்லோருக்குமே அது பட்டப்பெயர். சந்திரகிரிப் பக்கத்திலிருந்து வந்த, தெலுங்கு பேசும் ராஜகம்பளத்து நாயக்கர்கள் இவர்கள். இளசை என்று அழைக்கப்பட்ட இந்தக் கரிசல் சீமையில் வந்து அமர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் எட்டயபுரத்தை உருவாக்கினார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனும் இதே ராஜகம்பளத்தார்தான். அதாவது இது பக்கத்துப் பக்கத்துப் பாளையக்காரர்கள் இருவருக்கு நடுவில், எல்லைக் கிராமங்களை வைத்து நெடுநாளாக இருந்த பகை. அருங்குளம், சுப்பலாபுரம் என்ற ஊர்கள் யாருக்கு என்பதில் தொடங்கிய சண்டைக்குள் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், புகுந்துகொண்டார்கள். இரண்டு வீட்டுக்கும் ஆகாத பங்காளிச் சண்டையில் மூன்றாவது ஆள் நுழைந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை முற்றுகையிட்ட பிறகு கட்டபொம்மன் அங்கிருந்து வெளியேறிக் கோலார்பட்டிக்குப் போனார். அவரைத் துரத்திக்கொண்டு போய் கோலார்பட்டியில் சண்டை போட்டது எட்டயபுரம் படைதான், இதில் மறைக்க ஒன்றும் இல்லை. கட்டபொம்மனின் தானாபதி (அமைச்சர்) சுப்பிரமணிய பிள்ளை அங்கே பிடிபட்டார், அவரை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டார்கள். ஆனால் கட்டபொம்மன் அங்கே சிக்கவில்லை. வடக்கே தப்பிப் போனவரைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கு. 1801ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து மறுபடி கோட்டையை எழுப்பியபோதும் எட்டயபுரம் கும்பினி பக்கமே நின்றது. கோட்டை விழுந்த பிறகு பாஞ்சாலங்குறிச்சியின் நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்கு வந்தது. ஆக, கும்பினிக்குத் துணை போனது உண்மை, அதற்குக் கூலி வாங்கியதும் உண்மை. பிடித்துக் கொடுத்தார் என்பது மட்டும் உண்மை இல்லை. கதைப்பாடல்களும் 1959ல் வந்த திரைப்படமும் சேர்ந்து பழி முழுவதையும் ஒரு பெயரில் ஏற்றிவிட்டன. ஒரு ஊரின் பெயரே வசைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே பாளையம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால், 1750களில், ஆற்காட்டு நவாபின் சார்பில் வரி வசூலிக்க வந்த யூசுப்கானை எதிர்த்து நின்ற பாளையம். கட்டாலங்குளத்து அழகுமுத்துக்கோன் எட்டயபுரத்துக்காகப் போரிட்டுப் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார் என்பது இந்தப் பக்கத்தின் வரலாற்று மரபு. கட்டாலங்குளத்தில் அவருக்கு அரசு மணிமண்டபம் இருக்கிறது, ஆண்டுதோறும் ஜூலை 11ல் விழா எடுக்கிறார்கள். அழகுமுத்துக்கோனைக் கொண்டாடுகிறவர்களிடம் அவர் யாருக்காக உயிர் கொடுத்தார் என்று கேட்டால் பாதிப் பேருக்கு எட்டயபுரம் நினைவுக்கு வருவதில்லை. என்னைக் கேட்டால், ஒரு பாளையத்தை அதன் இருநூறு வருடக் கணக்கில்தான் எடை போட வேண்டும், ஒரு மாதத்துச் சம்பவத்தை வைத்து இல்லை.

சரி, இனி ஊருக்கு வருவோம்.

எட்டயபுரம் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகர். நகராட்சி கூட இல்லை, பேரூராட்சிதான். மேற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் கோவில்பட்டி, கிழக்கே விளாத்திகுளம், தெற்கே போனால் தூத்துக்குடி. ரயில் கிடையாது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல். கோடையில் வந்தால் நிலம் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மழை பெய்த மறுநாள் வந்தால் செருப்பு மண்ணோடு நின்றுகொண்டு கால் மட்டும் வெளியே வரும். இதற்கு வாய்க்கால் பாசனம் கிடையாது, எல்லாம் மானாவாரி. ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். உளுந்து, பாசி, கம்பு, சோளம், குதிரைவாலி, மிளகாய், மல்லி, பருத்தி, இப்போது அதிகமாக மக்காச்சோளம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் சரியாக விழுந்தால் தைக்குள் வீட்டுக்குத் தானியம் வரும். விழாவிட்டால் விதைக்கூலி, உரக்கூலி, உழவுக்கூலி எல்லாம் மண்ணோடு போச்சு.

இந்த மண்ணைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எட்டயபுரத்தின் வரலாறு முழுக்க, இந்த மானாவாரிக் காட்டிலிருந்து வந்த வரிப்பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான். காவிரிக் கரையில் தஞ்சாவூர் ராஜாக்கள் கலையை வளர்த்தார்கள் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை, அங்கே மூன்று போகம் விளைந்தது. இங்கே ஒரு போகமே நிச்சயம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் புலவர்களும் வித்துவான்களும் தலைமுறை தலைமுறையாக வந்து தங்கியிருக்கிறார்கள் என்பதுதான் இந்த ஊரில் எனக்குப் பெரிதாகப் படுகிற விஷயம்.

முதலில் உமறுப்புலவர். 17ஆம் நூற்றாண்டு. எட்டயபுரம் அரசவையில் கடிகைமுத்துப் புலவர் என்பவர் அவைப் புலவராக இருந்தார், அவரிடம்தான் உமறு தமிழ் படித்தார். வடநாட்டிலிருந்து வந்து எல்லோரையும் வாதுக்கு அழைத்த வாலை வாருந்தி என்ற புலவரைப் பதினாறு வயதில் ஆசிரியருக்குப் பதிலாகப் போய் வென்றார், அதன் பிறகு அவையில் இடம் கிடைத்தது என்று கர்ண பரம்பரைக் கதை சொல்கிறது. அவர் பாடிய சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வரலாற்றை 5027 விருத்தங்களில் சொல்வது. கீழக்கரை வள்ளல் சீதக்காதி தொடங்கி வைக்க, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவில் அரங்கேறியது. படித்துப் பார்க்காதவர்கள் நாட்டுப்படலம் மட்டுமாவது படியுங்கள். அரபு தேசத்தை வருணிக்கிற இடத்தில் மேகம் கடலில் நீர் மொண்டு மலையில் பொழிகிறது, ஆறு பெருகி வயலுக்குள் போகிறது, உழவர்கள் நாற்று நடுகிறார்கள். காப்பியத்தில் நாடு என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்ற தமிழ் மரபை அவர் அப்படியே மக்காவுக்குக் கொண்டுபோனார். ஒரு இந்துப் பாளையக்காரரின் அவையில் பயின்ற இஸ்லாமியப் புலவர், இரண்டு மரைக்காயர்களின் பொருளுதவியில், கம்பன் நடந்த பாதையில் நடந்து இதைச் செய்திருக்கிறார். அவர் அடங்கியிருக்கும் தர்கா எட்டயபுரத்தில்தான் இருக்கிறது, அரசு கட்டிய மணிமண்டபமும் உண்டு. பாரதி வீட்டுக்கு வருகிற பள்ளிக்கூட வேன்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்தது முத்துசுவாமி தீட்சிதர். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவர், 1775ல் திருவாரூரில் பிறந்தவர், ஆனால் உயிர் பிரிந்தது இங்கே. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான், அதாவது அரண்மனை இசைக்கலைஞர். இந்தப் பாலுசுவாமி யார் என்றால், மேல்நாட்டு வயலினைக் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. இன்று கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் வயலின் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? அந்தக் கருவியை நம் சங்கீதத்துக்குப் பழக்கியவருக்கு வேலையும் வீடும் கொடுத்து வைத்திருந்தது இந்த ஊர். தம்பியைத் தேடி வந்த அண்ணன் கடைசிக் காலத்தில் இங்கேயே தங்கினார். வரும் வழியில் வறண்டு கிடந்த காட்டைப் பார்த்து மனம் கசிந்து அமிர்தவர்ஷிணி ராகத்தில் ஆனந்தாமிர்தாகர்ஷிணி பாடினார், மழை கொட்டியது என்பது எல்லோரும் அறிந்த கதை. கதையை நம்புகிறோமா இல்லையா என்பது வேறு. அது எங்கே நடந்ததாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள், கரிசல் காட்டில். மழைக்குப் பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான மண் கிடையாது.

1835ஆம் ஆண்டு, தீபாவளி நாள். சீடர்கள் மீனாக்ஷி மே முதம் என்ற அவருடைய கீர்த்தனையைப் பாட, அதைக் கேட்டுக்கொண்டே அவர் கண் மூடினார் என்பது அவருடைய குடும்ப வழிச் செய்தி. சமாதி ஊரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சங்கீதக்காரர்கள் அவரை நினைத்துப் பாடுகிறார்கள்.

இப்போது நான் மிகவும் மதிக்கிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன், இதைத் தெரிந்தவர்கள் குறைவு. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர், 1839ல் பிறந்தவர், தாத்தா அவரைத் தத்துப் பிள்ளையாக எடுத்து வளர்த்தார். அவரும் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகள் (கீர்த்தனைகள்) குடும்பத்துக்குள்ளும் சீடர்களுக்குள்ளும் வாய்வழியாக மட்டும் இருந்த காலம். ஒரு தலைமுறை தவறினால் பாதி போய்விடும். சென்னையில் அரசு அலுவலில் இருந்த சின்னசாமி முதலியார் என்பவர், கிறிஸ்தவர், நம் சங்கீதத்தை மேல்நாட்டு ஸ்வர முறையில் எழுதிப் பதிப்பித்துவிட வேண்டும் என்று சொத்தையும் கண்பார்வையையும் செலவழித்தவர். தன்னால் முடிக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் எட்டயபுரம் வந்து ராஜாவிடமும் சுப்பராம தீட்சிதரிடமும் கேட்டது ஒன்றுதான், தெரிந்ததையெல்லாம் எழுதி அச்சிட்டுவிடுங்கள். குடும்பச் சொத்தாகக் காத்து வைத்திருந்ததை வெளியே கொடுக்க ஒரு வித்துவானுக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கொடுத்தார்.

சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904ல் வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில், ஏறக்குறைய 1700 பக்கம், 72 மேளங்கள் (தாய் ராகங்கள்), அவற்றிலிருந்து பிறக்கும் ஜன்ய ராகங்கள், ராகங்களின் லட்சணம், கீர்த்தனைகள், பாட்டு இயற்றிய வாக்கேயக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகள், எல்லாம் ஸ்வரத்தோடு. ஸ்வரம் மட்டும் இல்லை, ஒரு ஸ்வரத்தை எப்படி அசைக்க வேண்டும், எங்கே வழுக்கிப் போக வேண்டும் என்கிற கமகத்துக்கும் தனித்தனிக் குறியீடுகள். ஒவ்வொரு எழுத்தின் தலைமேலும் காலடியிலும் சின்னச் சின்னக் குறிகளை வைத்துக் கையால் அச்சுக் கோக்க வேண்டும். இது அச்சானது சென்னையில் இல்லை. ரயில் கூட வராத எட்டயபுரத்தில், சமஸ்தானத்துக்குச் சொந்தமான வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில். அந்த அச்சுக்கூடத்தில் குனிந்து உட்கார்ந்து எழுத்து கோத்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது, ஆனால் இன்றைக்குத் தீட்சிதர் கீர்த்தனையின் பாடம் எது சரி என்று வித்துவான்களுக்குள் வாதம் வந்தால் கடைசியில் போய் நிற்கிற இடம் அந்தப் பக்கங்கள்தான். சென்னை மியூசிக் அகாடமி பின்னால் இதைத் தமிழ் எழுத்தில் பல தொகுதிகளாகக் கொண்டுவந்தது. சுப்பராம தீட்சிதர் 1906ல் காலமானபோது பாரதி இரங்கற்பா எழுதினார். ஒரே ஊர்க்காரர்கள், இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்த தூரம்.

பாரதிக்கு வந்துவிட்டோம். 1882 டிசம்பர் 11ல் இங்கே பிறந்தார் என்பதும், பதினோரு வயதில் புலவர் சபையில் பாரதி என்ற பட்டம் பெற்றார் என்பதும் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது அவருடைய அப்பாவைப் பற்றி. சின்னசாமி ஐயர் ஜமீனில் (பழைய பாளையம்தான் பின்னால் ஜமீன் ஆனது) செல்வாக்கு உள்ள அலுவலர், கணிதத்திலும் இயந்திரத்திலும் பெரிய நாட்டம் உள்ளவர். சுற்றிலும் பருத்தி விளைகிறது, அதை அப்படியே மூட்டை கட்டித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்பி வெள்ளைக்காரன் லாபம் பார்க்கிறான், நாமே இயந்திரம் வைத்து அரைத்தால் என்ன என்று ஒரு பருத்தி ஆலை தொடங்கினார். அது நொடித்துப் போனது. சொத்தெல்லாம் போய், மனமுடைந்து, 1898ல் இறந்தார். அந்நியரின் சூழ்ச்சியால்தான் தந்தை செல்வத்தை இழந்தார் என்று பாரதி தன்வரலாற்றுக் கவிதையில் எழுதியிருக்கிறார். சுதேசித் தொழில், சுதேசிக் கப்பல் என்று பின்னால் அவர் எழுதியதையெல்லாம் இந்த ஆலையைத் தெரிந்துகொண்டு படித்தால் வேறு மாதிரி இருக்கும். இருபது வயதுக்குள் தன் வீட்டிலேயே அதைப் பார்த்துவிட்ட பையன் அவர். பின்னாளில் ஊரில் அமைந்த கூட்டுறவு நூற்பாலைக்குப் பாரதி பெயரையே வைத்தார்கள்.

ஜமீனுக்கும் அவருக்கும் உறவு எளிதானது இல்லை. 1897ல், பதினான்கு வயதில், படிப்புக்கு உதவி கேட்டு ராஜாவுக்குச் செய்யுளிலேயே விண்ணப்பம் எழுதினார். காசியிலிருந்து திரும்பி வந்து 1902 முதல் 1904 வரை அரண்மனையில் வேலை பார்த்தார். ராஜாவுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவதும் துணைக்கு இருப்பதும்தான் வேலை, அவர் மனசுக்கு அது ஒத்துவரவில்லை. பிறகு மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் ஆசிரியர், அங்கிருந்து சென்னையில் சுதேசமித்திரன் பத்திரிகை. ஜமீன் வாழ்க்கையை அவர் எப்படிப் பார்த்தார் என்பதை முடிக்காமல் விட்டுப்போன சின்னச் சங்கரன் கதையில் பார்க்கலாம், கவுண்டனூர் என்று பெயரை மாற்றி வைத்து அரண்மனை அன்றாடத்தைக் கிழித்து எழுதியிருப்பார். இவ்வளவுக்குப் பிறகும் 1919ல், புதுச்சேரியிலிருந்து திரும்பிக் கடையத்தில் கஷ்டத்தில் இருந்தபோது, அதே எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி, அதாவது செய்யுளில் எழுதிய கடிதம், அனுப்பினார். கையேந்திக் கேட்கிற தொனி அதில் துளியும் இல்லை, புலவன் வருகிறான், தக்க மரியாதையோடு வரவேற்றுக்கொள் என்கிற கம்பீரம். புலவனுக்கும் புரவலனுக்கும் இடையில் இருந்த பழைய முறையை அவர் அவ்வளவு நம்பினார். அழைப்பு வரவில்லை. இரண்டு ஆண்டில் அவரே இல்லை.

பாரதியோடு கூடவே வளர்ந்த இன்னொரு பையனையும் ஊர் கொடுத்தது, நாவலர் சோமசுந்தர பாரதியார், 1879ல் பிறந்தவர். வழக்கறிஞர், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியில் பணியாற்றியவர், பின்னால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். ஒரு சின்ன ஊரில் மூன்று வருட இடைவெளியில் இரண்டு பாரதிகள்.

பாரதி மணிமண்டபம் கட்டியது கல்கி. தன் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்து வாசகர்களிடம் நிதி திரட்டினார், மக்கள் அனுப்பிய சிறு சிறு தொகைகள்தான் அதன் கல்லும் சுண்ணாம்பும். 1945ல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார், சுதந்திரம் வந்த இரண்டாவது மாதத்திலேயே, 1947 அக்டோபரில், அப்போது மேற்கு வங்க ஆளுநராக இருந்த அவரே வந்து திறந்து வைத்தார். காந்தி தமிழில் தன் கையெழுத்தில் ஆசி அனுப்பினார். பிறந்த வீட்டை 1970களில் அரசு எடுத்து நினைவில்லமாக வைத்திருக்கிறது.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மை இல்லை. திருநெல்வேலிச் சீமையிலேயே பெரிய ஜமீன் இதுதான். அந்தப் பெருமை முழுவதும் மானாவாரிக் காட்டில் வியர்வை சிந்தியவர்கள் கொடுத்த தீர்வையில் நின்றது. அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்பதற்குக் கழுகுமலை ஒரு சாட்சி. கழுகுமலை முருகன் கோயில் எட்டயபுரம் ஜமீனின் நிர்வாகத்தில் இருந்தது. தேரோடும் வீதியில் ஊர்வலம் போகும் உரிமையை நாடார்கள் கேட்டார்கள், ஜமீன் மறுத்தது, வழக்கு நடந்தது. 1895 பங்குனியில் திருவிழாவில் அது கலவரமாக வெடித்தது, உயிர்கள் போயின, ஜமீன் மேலாளரும் அதில் கொல்லப்பட்டார். சங்கீதத்துக்கு அள்ளிக் கொடுத்த அரண்மனைதான் தெருவில் நடக்கும் உரிமையைக் கொடுக்க மறுத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் எட்டயபுரம் ஜமீனைப் புரிந்துகொள்ள வேண்டும், ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை.

ஊர் ஏன் வளரவில்லை என்று பலர் கேட்கிறார்கள். காரணம் இரண்டு என்று நினைக்கிறேன். 1870களில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை போட்டபோது அது கோவில்பட்டி வழியாகப் போனது. அதுவரைக்கும் கோவில்பட்டி சின்ன ஊர், எட்டயபுரம்தான் பெரிய ஊர். ரயில் வந்ததும் பருத்தி அங்கே போனது, ஆலைகள் அங்கே வந்தன, 1901ல் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையும் அங்கே வந்தது, பிறகு தீப்பெட்டி. இரண்டாவது, 1948ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டம். அது வந்தே ஆக வேண்டிய சட்டம், உழுதவனுக்கு அதனால்தான் பட்டா கிடைத்தது. ஆனால் அரண்மனையைச் சுற்றி உருவான ஊருக்கு வேறு வருமானம் யாரும் யோசித்து வைக்கவில்லை. அரண்மனைக் கட்டடம் இன்றும் நிற்கிறது, பல பகுதிகள் சிதைந்துவிட்டன. அதைப் பழுது பார்த்து ஒரு பகுதியிலாவது அந்த அச்சுக்கூடத்துக்கும் சமஸ்தான இசைக்கும் ஒரு காட்சிக்கூடம் வைக்கலாம் என்பது என் நீண்ட நாள் ஆசை.

இன்றைய எட்டயபுரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை விடியற்காலையில் வர வேண்டும். ஆட்டுச் சந்தை. தென் மாவட்டங்களில் பேர் பெற்ற சந்தை இது. இருட்டு விலகுவதற்கு முன்பே சுற்றுப்பட்டியிலிருந்து மினி லாரியிலும் ஆட்டோவிலும் இரு சக்கர வண்டியில் மடியில் வைத்தும் ஆடு வந்து இறங்கும். இங்கே பார்க்க வேண்டியது கன்னி ஆடு, இந்தக் கரிசலுக்கே உரிய இனம். உடம்பு முழுக்க நல்ல கறுப்பு, கொம்படியிலிருந்து மூக்குவரை முகத்தின் இரண்டு பக்கமும் கோடு இழுத்த மாதிரி வெள்ளை, காதுக்குள்ளும் அடிவயிற்றிலும் காலிலும் அதே வெள்ளை. அந்த இடங்கள் வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறமாக இருந்தால் செங்கன்னி. இன்னொன்று கொடி ஆடு, ஒட்டகம் போல நெடுநெடுவென்ற கால். வெள்ளையில் கறுப்பு தெளித்திருந்தால் கரும்போரை, சிவப்பு தெளித்திருந்தால் செம்போரை. காய்ந்த காட்டில் கருவேலங்காயைத் தின்று நாள் முழுக்க நடக்கக் கூடிய ஆடுகள் இவை. வாங்க வருகிறவர் வாயைத் திறந்து பல் பார்ப்பார், இடுப்பெலும்பின் மேல் கை வைத்து அமுக்கி சதை பார்ப்பார், பின்னங்காலைத் தூக்கிப் பார்ப்பார், விலையைக் கேட்டுவிட்டுப் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வருவார். தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் முந்தின சனிக்கிழமைகளில் கால் வைக்க இடம் இருக்காது, கேரளத்திலிருந்து கூட வியாபாரிகள் வருவார்கள், அன்றைய விற்பனை கோடிக்கணக்கில் போனது என்று பத்திரிகையில் செய்தி வரும். மழை பொய்த்த வருடத்தில் இந்தப் பக்கத்துக் குடும்பங்களைக் காப்பாற்றுவது ஆடுதான். பள்ளிக் கட்டணம் கட்ட இரண்டு குட்டி, கல்யாணச் செலவுக்கு ஒரு பட்டி.

விவசாயத்தில் கஷ்டம் கூடிக்கொண்டே போகிறது. நாட்டுப் பருத்தியான கருங்கண்ணி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. மக்காச்சோளத்துக்கு மாறினார்கள், 2018ல் படைப்புழு வந்து காட்டையே தின்றது. இரவில் காட்டுப்பன்றி. தரிசாகக் கிடக்கிற நிலத்தில் சீமைக்கருவேல் மண்டி, அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் நிறைய. கைத்தறி நெசவும் தீப்பெட்டி வேலையும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. இளைஞர்கள் கோவில்பட்டி, தூத்துக்குடி, திருப்பூர் என்று போகிறார்கள்.

சரி, வந்தால் எப்படிப் பார்ப்பது? கோவில்பட்டிவரை ரயிலில் வந்து பேருந்து பிடியுங்கள், அடிக்கடி இருக்கிறது. சனிக்கிழமையாக இருந்தால் முதலில் சந்தை, வெயில் ஏறுவதற்குள் அது முடிந்துவிடும். அப்புறம் பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம், உமறுப்புலவர் தர்கா, தீட்சிதர் சமாதி, அரண்மனையை வெளியிலிருந்து, எல்லாமே ஒரே ஊருக்குள்தான், அரை நாள் போதும். மாலையில் நேரம் இருந்தால் கழுகுமலை போய் வெட்டுவான் கோயிலைப் பாருங்கள், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த பாண்டியர் காலத்து வேலை. தெற்கே ஒட்டப்பிடாரம் வழியாகப் பாஞ்சாலங்குறிச்சிக்கும் போகலாம். இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. மாதம் என்று கேட்டால் கார்த்திகை, மார்கழியில் வாருங்கள், காடு பச்சையாக இருக்கும். பங்குனி, சித்திரையில் வேண்டாம்.